தரங்கம்பாடி சீகன்பால்கு வீடு: ஊர்க்காரங்க எந்த ரூம்ல இருக்காங்க?

ஒரு வாசகர் கேட்டது: லீவுல பசங்கள கூட்டிக்கிட்டு தரங்கம்பாடி போறோம். டேனிஷ் கோட்டைய பாத்துட்டு அப்படியே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வீட்டு மியூசியமும் பாக்கலாம்னு இருக்கோம். தமிழ்ல முதல் புத்தகம் அச்சடிச்ச இடம் அதானே? சின்ன ஊரு, ஒரு வீடு, கால் மணி நேரத்துல முடிஞ்சிடுமா, இல்ல நேரம் ஒதுக்கணுமா?

மார்ச் 3

நேரம் ஒதுக்குங்க. ஆனா அந்த "முதல் புத்தகம்" விஷயத்த மொதல்ல தள்ளி வச்சிடுவோம், ஒவ்வொரு வருஷமும் யாராவது இத எழுதிடுறாங்க. தமிழ் எழுத்துல அச்சான புத்தகம் 1578லயே கொல்லத்துல வந்துடுச்சு, அன்ரீக்கே அன்ரீக்கஸ் பாதிரியார் போட்டது, 16 பக்கம். அதுக்கும் முன்னாடி 1554ல லிஸ்பன்ல ரோமன் எழுத்துல தமிழ அச்சடிச்சிருக்காங்க. இந்தியாவோட முதல் அச்சு இயந்திரமும் இங்க வரல, அது 1556ல கோவாவுக்கு வந்தது. தரங்கம்பாடி அச்சகம் 1712, 13ல ஆரம்பிச்சது. கணக்கு போட்டா நூத்தி முப்பது வருஷத்துக்கு மேல லேட்டு.

அப்ப தரங்கம்பாடிக்கு என்ன பெருமைன்னா, முன்னாடி நடந்ததெல்லாம் வந்துச்சு, நின்னுச்சு. இங்க ஆரம்பிச்சது அந்த நூற்றாண்டு பூரா ஓடுச்சு. அது வந்த கதையே ஒரு சினிமா. லண்டன்லேருந்து மிஷின கப்பல்ல ஏத்தி விடுறாங்க, ரியோ டி ஜெனிரோ பக்கம் பிரெஞ்சுக்காரன் கப்பல புடிச்சிடுறான், மிஷின காசு குடுத்து மீட்க வேண்டியதாப்போச்சு, கூட வந்த அச்சுக்காரர் வழியிலயே செத்துட்டாரு. மிஷின் மட்டும் ஊர் வந்து சேருது, ஓட்ட ஆள் இல்ல. கடைசில டேனிஷ் கம்பெனி சிப்பாய்ல ஒருத்தனுக்கு அச்சு வேலை தெரியும்னு கண்டுபுடிச்சு அவன உக்கார வச்சாங்க. தமிழ் எழுத்து ஜெர்மனில ஹாலே ஊர்ல வார்த்து வந்துச்சு, பாத்தா ஒவ்வொரு எழுத்தும் அவ்ளோ பெருசு, பேப்பரோ தட்டுப்பாடு. அதனால இங்கயே சின்ன எழுத்தா வார்த்தாங்க. அதுக்கு ஈயம் எங்கேருந்து வந்துச்சுன்னா, இங்கிலாந்துலேருந்து வந்த பாலாடைக்கட்டிய சுத்தியிருந்த ஈயத் தகடுன்னு சொல்றாங்க. பேப்பருக்கு பொறையாத்துல ஒரு ஆலையே போட்டாங்க. 1715ல புதிய ஏற்பாடு முழுசா தமிழ்ல கைக்கு வந்துடுச்சு.

பசங்களுக்கு இத சொல்லிட்டு உள்ள கூட்டிட்டு போங்க, போர்டு படிக்கிற சலிப்பு வராது.

மார்ச் 3, ராத்திரி

பத்து வயசுக்குள்ள இருந்தா மொதல்ல கோட்டை மியூசியம். அங்க திமிங்கலத்தோட எலும்பு ஒண்ணு இருக்கு. பீங்கான் சாமான், கத்தி, ஈட்டி, பீரங்கிக் குண்டு எல்லாத்தையும் அந்த எலும்பு ஜெயிச்சிடும்.

மார்ச் 5

ரெண்டு நாளா இதே யோசனையா இருக்கு, அதனால எழுதிடறேன். அந்த வீட்டுக்கு சீகன்பால்கு வீடுன்னு பேரு, சரி. 1706 ஜூலை 9ல கப்பல விட்டு எறங்கினாரு, வயசு இருபத்தி மூணு, கூட புளூட்சோன்னு இன்னொருத்தர். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அப்பறம் எப்படி சில வருஷத்துல புதிய ஏற்பாட்டையே மொழிபெயர்க்கிற அளவுக்கு வந்தாரு? ஊர்ல ஒரு வாத்தியார் இருந்தாரு, எழுவது வயசு கிட்ட. அவரோட திண்ணைப் பள்ளிக்கூடத்தையே இவங்க தங்கியிருந்த வீட்டுக்கு மாத்திக்கச் சொல்லி, சின்னப் பசங்களோட பசங்களா உக்காந்து மணல்ல விரல வச்சு அ, ஆ எழுதினாங்க ரெண்டு வெள்ளக்காரங்களும். என்னக் கேட்டா அந்த வீட்டு மியூசியத்தோட முதல் ரூம் இதுதான். ஒரு மணல் தட்டு வச்சா போதும், பெரிய செலவு கூட கெடையாது.

அடுத்து அழகப்பன். டேனிஷ் கம்பெனிக்கு துபாஷி வேலை, அதாவது மொழிபெயர்த்துச் சொல்ற வேலை பாத்தவரு, போர்த்துகீஸ், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் பேசுவாரு. இவர சீகன்பால்கு தனியா சம்பளம் குடுத்து வச்சிக்கிட்டாரு. ஓலைச்சுவடிகள ஊர் ஊரா தேடி சேர்த்து, நூத்துக்கு மேல தமிழ் நூல்களுக்கு 1708லயே குறிப்பு எழுதி அனுப்பியிருக்காரு, தொல்காப்பியம் திருக்குறள் எல்லாம் அதுல வருது. வந்து ரெண்டு வருஷம் ஆன ஆளு இத தனியா பண்ணியிருக்க முடியுமா?

அப்பறம் மலையப்பன். 1714ல சீகன்பால்கு ஐரோப்பா போறப்ப கூடவே போன தரங்கம்பாடி பையன். வழிநெடுக தமிழ் இலக்கண வேலைல உதவி பண்ணியிருக்கான், அந்த இலக்கணம் லத்தீன்ல 1716ல ஹாலேல அச்சாச்சு. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம கடற்கரைலேருந்து கெளம்பி ஜெர்மனி குளுருல போயி உக்காந்து தமிழ் இலக்கணத்துக்கு சந்தேகம் தீத்து வச்சிருக்கான். மாயவரத்துல படிச்ச எனக்கு பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் கூட இவன் பேர சொன்னதில்ல. சீகன்பால்கு பேரு பாடத்துல இருந்துச்சு, ரெண்டு மார்க் கேள்வி.

மார்ச் 6

"அவரு வீடுன்னா அவர பத்திதான் இருக்கும், இதுல என்ன குறை" அப்படின்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. நியாயமான கேள்வி, குறைன்னு நான் சொல்லல. அந்த மியூசியம் 2017ல திறந்தப்பவே ரெண்டு பக்க கலாச்சாரத்துக்கு நடுவுல நடந்த உரையாடல்னுதான் பேரு வச்சாங்க. உரையாடல்னா ரெண்டு பேரும் பேசணும்ல, அவ்ளோதான் என் கட்சி.

வேற ஒரு ஊர்ல, பேர் வேணாம், ஒரு பெரிய மனுஷர் வீட்ட நினைவில்லமா வச்சிருக்காங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள அவரு மூக்குக்கண்ணாடி, கைத்தடி, சாய்வு நாற்காலி. சமையக்கட்டு மட்டும் பூட்டிக் கெடக்கு. இங்க சமைச்சது யாருன்னு வாட்ச்மேன கேட்டேன், அந்த வாட்ச்மேனோட பாட்டியாம்! அப்பறம் அவரு சொன்ன கதைதான் அந்த வீட்டப் பத்தி எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, சாய்வு நாற்காலி எந்த மரம்னு போர்டுல போட்டிருந்தாங்க, மறந்துபோச்சு.

தரங்கம்பாடிக்கே வரேன். 1707 மே மாசம் இவங்க குடுத்த முதல் ஞானஸ்நானம் அஞ்சு பேருக்கு. அஞ்சு பேரும் டேனிஷ்காரங்க வீட்டு அடிமைங்க. அடிமைன்னா நிஜமாவே காசு குடுத்து வாங்கின ஆளுங்க, வேலைக்காரங்கன்னு பூசி எழுதக்கூடாது. அந்த ஊரோட பங்களாக்களப் பாத்து என்ன அழகு என்ன அழகுன்னு போட்டோ எடுக்கிறோம், தப்பில்ல, நானும் எடுத்து வச்சிருக்கேன். ஆனா தண்ணி தூக்கினது யாருன்னு ஒரு வரி இருந்தா அந்தத் தூணு வேற மாதிரி தெரியும்.

மார்ச் 6, கொஞ்சம் கழிச்சு

மேல எழுதினத படிச்சா சீகன்பால்கு மேல எனக்கு கோவம்னு தோணும் போல. அப்படி இல்ல. அந்த ஆளு அந்த ஊரு கவர்னர் ஹாசியஸ்கிட்ட முறைச்சிக்கிட்டு அதே கோட்டைல நாலு மாசம் ஜெயில்ல இருந்தாரு, 1708 நவம்பர்லேருந்து. வெள்ளக்காரன வெள்ளக்காரன் உள்ள தூக்கி வச்ச கதை. ஒரு விதவையோட கடன் வழக்குல தலையிட்டதுதான் கடைசி காரணம். கோட்டையும் வீடும் நடந்து போற தூரம்தான், ரெண்டையும் சேத்து ஒரே கதையா பாருங்க.

மார்ச் 9

இது கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு வாங்க.

1712லேருந்து 1714க்குள்ள சீகன்பால்குவும் கூட இருந்த இன்னொரு பாதிரியார் கிருண்ட்லரும் ஒரு வேலை பண்ணாங்க. படிச்ச தமிழ் ஆளுங்களுக்கு கேள்வி எழுதி அனுப்புறது, அவங்க பதில் எழுதுறது. உங்க சாமி எப்படி, கல்யாணம் எப்படி, வைத்தியம் எப்படி, எங்கள பத்தி என்ன நெனக்கிறீங்க. மொத்தம் 99 கடிதம், மொத தடவ 55, அடுத்து 44. இதுல நெறைய அழகப்பனே எழுதினதா இருக்கும்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. ஜெர்மன்ல மொழிபெயர்த்து ஹாலேல அச்சடிச்சாங்க, ஐரோப்பால ஆளுங்க வாங்கிப் படிச்சாங்க.

அதுல நம்ம ஆளுங்க சும்மா தலையாட்டல. மாட்டுக்கறி திங்கிறீங்க, குடிச்சிட்டு ஆடுறீங்க, சுத்தம் பத்தம் கெடையாது, இதுல நீங்க எங்களுக்கு மோட்சத்துக்கு வழி காட்ட வந்துட்டீங்களாங்கிற தொனிலதான் பதில் போகுது. அதுக்குள்ள சாதிப் பெருமையும் எட்டிப் பாக்கும், அதையும் மறைக்க வேணாம், அந்தக் காலத்துல எழுதத் தெரிஞ்சவன் எந்தத் தெருக்காரன்னு நமக்குத் தெரியும்.

யோசிச்சுப் பாருங்க, 1712ல சோழநாட்டுல ஒரு ஆளு உக்காந்து தன் ஊரப் பத்தி, வீட்டப் பத்தி வசனமா பதில் எழுதியிருக்கான். கல்வெட்டு இல்ல, செய்யுள் இல்ல, பேச்சுக்கு பேச்சு. இத விட பெரிய உள்ளூர் வரலாறு எங்க கெடைக்கும்? வம்பு என்னன்னா உலகத்துக்கு கெடைச்சது ஜெர்மன் வடிவம். தமிழ்ல செவுத்துல எழுதி வைக்கணும்னா ஜெர்மன்லேருந்து திரும்ப நம்ம பாஷைக்கு கொண்டாரணும். தரங்கம்பாடிக்காரன் பேசினத தரங்கம்பாடில படிக்க ஹாலே வழியா சுத்திக்கிட்டு வரணும், மாயவரத்துலேருந்து கும்பகோணம் போக டெல்லி போய் ரயில் மாறின மாதிரி.

இன்னொண்ணு. நம்ம தெய்வங்களப் பத்தி சீகன்பால்கு 1713ல ஒரு பெரிய புத்தகமே எழுதி அனுப்பினாரு, ஊரு தெய்வம் அய்யனாரு மாரியம்மன் வரைக்கும் விடல. ஹாலேல இருந்த மிஷன் பெரியவர் பிராங்கே அச்சடிக்க மாட்டேன்னுட்டாரு, உன்ன அனுப்பினது அந்த மதத்த ஒழிக்க, அத ஐரோப்பால பரப்ப இல்லைன்னு. பொட்டில போட்டு வச்சது 1867ல சென்னைலதான் அச்சு பாத்துச்சு. எழுதினவரு செத்து நூத்தி நாப்பத்தெட்டு வருஷம் ஆச்சு அப்ப. ஒரு கண்ணாடிப் பெட்டிய காலியா வச்சு, "இந்தப் புத்தகம் அப்ப வரல"ன்னு எழுதினாலே கூட்டம் நின்னு பாக்கும்.

மார்ச் 10

"அந்த ஊர டேனிஷ்காரன் புடிச்சானா, வாங்கினானா?" ரெண்டும் இல்லைங்க, வாடகை! 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் ஒப்பந்தம் போட்டுக் குடுத்தாரு, வருஷத்துக்கு 3,111 ரூபா. அட்வான்ஸ் எத்தன மாசம்னு கேக்காதீங்க. 1845ல இங்கிலீஷ் கம்பெனிக்கு வித்துட்டுப் போனப்ப மட்டும் பன்னண்டரை லட்சம், வங்காளத்துல இருந்த செராம்பூரும் அதுல சேத்தி. குடி இருந்தவன் வீட்ட வித்துட்டுப் போன கதை.

மார்ச் 14

எதிர்பாத்தேன், சண்டை வந்துடுச்சு. "தங்க ஓலை கோபன்ஹேகன்ல, சுவடி ஹாலேல, நமக்கு ஜெராக்ஸா? எல்லாத்தையும் திருப்பிக் கேக்கணும்."

1620ல நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு அனுப்பின தங்க ஓலை, தமிழ்ல எழுதினது, கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துல இருக்கு, உண்மை. ஆனா அது களவு போன பொருள் இல்ல, ராஜா ராஜாவுக்கு அனுப்பின கடுதாசி. பக்கத்து வீட்டுக்கு நான் எழுதின லெட்டர அவங்க வீட்டுலேருந்து திருப்பிக் கேக்க முடியுமா? சுவடிங்க கதை வேற, சிலது வெலைக்கு வாங்கினது, சிலது எழுத ஆள் வச்சு பிரதி எடுத்தது. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பாக்கணும்.

அப்பறம் கடக்காத்து. அந்த ஊர்ல சைக்கிள் வாங்கி ஒரு வருஷம் வெளிய நிறுத்திப் பாருங்க தெரியும். உப்பு, ஈரம், கரையான், மூணும் சேந்த எடத்துல முந்நூறு வருஷ ஓலைய வைக்கிறது லேசு இல்ல. எனக்கு இப்போதைக்கு நல்ல பிரதி போதும். தமிழ்ல, பெரிய எழுத்துல, பக்கத்துல விளக்கத்தோட. ஒரிஜினல் பூட்டின பெட்டிக்குள்ள இருந்தா கிட்ட போயி ஒரு எழுத்தும் படிக்க முடியாது, பிரதிய தொட்டே படிக்கலாம்.

மார்ச் 15

நேத்து எழுதினதுல கரையான் பகுதிக்கு ஒரு தஞ்சாவூர் அக்கா நறுக்குன்னு பதில் போட்டிருக்காங்க: "சரஸ்வதி மகால்ல ஓலை இல்லையா? அங்க கரையான் லீவா?" செம. வாஸ்தவம்தான், தஞ்சாவூர் கடலோரம் இல்லன்னு தப்பிக்கலாம், ஆனா நம்மால காப்பாத்த முடியாதுங்கிற வாதம் அந்த ஒரு நூலகத்துக்கு முன்னாடி நிக்காது. ஆள் போட்டு, எண்ணெய் போட்டு, பணம் ஒதுக்கினா நிக்கும். அதனால என் நெலம இப்ப இப்படி: பிரதி இப்பவே வேணும், ஒரிஜினல் பேச்சு வார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், கடனா ஆறு மாசம் கண்காட்சிக்கு கொண்டாந்தா கூட தப்பில்ல.

இதுல இன்னொரு முடிச்சு இருக்கு பாருங்க. சரஸ்வதி மகால பெருசாக்கின சரபோஜி மன்னருக்கு பாடம் சொன்ன ஷ்வார்ட்ஸ் பாதிரியார் 1750ல வந்து எறங்கினது இதே தரங்கம்பாடி மிஷனுக்குத்தான். சின்ன ஊரு, ஆனா எந்த நூலப் புடிச்சு இழுத்தாலும் எங்கயோ போயி நிக்கும்.

மார்ச் 22

யாரோ ரயில ஞாபகப்படுத்திட்டாங்க, இனி நான் நிறுத்த மாட்டேன்.

மாயவரம் டு தரங்கம்பாடி, மீட்டர் கேஜ். 1926ல வந்தது, 1986ல நிறுத்திட்டாங்க. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் எல்லாம் ஸ்டேஷன். எங்க வீட்டுப் பெரியவங்க சொல்றது, வண்டி போற வேகத்துக்கு எறங்கி வெள்ளரிக்கா வாங்கிட்டு திரும்ப ஏறிடலாமாம், நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். 1620க்கு ரூம் இருக்கு, 1706க்கு ரூம் இருக்கு, 1986க்கு? அந்த ரயில்ல மீன் கூடை தூக்கிட்டுப் போன ஆத்தாங்க இன்னும் உசுரோட இருக்காங்க. அவங்க பேசுறத ரெக்கார்ட் பண்ணி ஹெட்போன்ல போட்டா அதுவே ஒரு கண்காட்சி. டேனிஷ்காரன் போனதோட ஊரு முடிஞ்சிபோன மாதிரி நம்மளே எழுதுறோம், 1845க்கு அப்பறமும் ஆளுங்க பொறந்து செத்துக்கிட்டுதான் இருக்காங்க. கோட்டையே 1978 வரைக்கும் பயணியர் மாளிகையா இருந்துச்சு, டவாலி போட்ட ஆளு ஆபீசருக்கு காபி கொண்டுபோன கோட்டை அது.

ஏப்ரல் 2

மாசிலாமணிநாதர் கோயில் பத்தி கேட்டிருந்தீங்க. கோட்டைக்குப் பக்கத்துல கடல ஒட்டினாப்ல இருக்கு, குலசேகர பாண்டியன் காலம், 1305ன்னு சொல்லுவாங்க. டேனிஷ்காரன் வர்றதுக்கு முந்நூறு வருஷம் முன்னாடி. அந்தக் கல்வெட்டுல ஊரு பேரு சடங்கன்பாடி. கோயில்ல பெரும்பகுதிய கடல் தின்னுடுச்சு, மிச்சத்துக்கு கல்லு கொட்டி வச்சிருக்காங்க. ஊரு வரலாறு 1620ல ஆரம்பிக்குதுன்னு எவனாவது சொன்னா நேரா அங்க கூட்டிட்டுப் போங்க, பேச வேண்டியதே இல்ல.

அந்தக் கரைல டேனிஷ் காசு கெடைக்கும்னு சொல்றது உண்மைதான், சின்னச் சின்ன செம்பு, ஈயக் காசு, அலை வாரிப் போடும். விக்கிறவங்களும் உண்டு. வாங்காதீங்கன்னு உபதேசம் பண்ண வரல, ஆனா அதுல ஒரிஜினல் எது, போன வாரம் வார்த்தது எதுன்னு சொல்ல எனக்குத் தெரிஞ்சவங்களாலயே முடியல.

சுனாமி. 2004 டிசம்பர் 26. மீனவர் தெருவுல எத்தனையோ வீட்டுல ஆளே இல்லாம போச்சு. கோட்டை நின்னுச்சு. அப்பறம் வந்த பணத்துலயும் ஆர்வத்துலயும்தான் ஊர்ல நெறைய பழைய வீடு சீராச்சு, தட்டார் தெருவுல திண்ணை வச்ச சின்ன வீடுங்க உட்பட. ராஜ வீதி பங்களாவ விட அந்தத் தட்டார் தெரு வீடுங்கதான் எனக்குப் புடிக்கும். நம்ம ஆளு வாழ்ந்த வீடு எப்படி இருந்துச்சுன்னு பசங்களுக்கு காட்ட அத விட நல்ல எடம் கெடையாது, டிக்கெட்டும் இல்ல, ஆனா உள்ள ஆள் குடியிருக்கிற வீடு எது, இல்லாத வீடு எதுன்னு பாத்து நுழைங்க, போன தடவ எங்க கூட வந்த ஒருத்தர் கண்காட்சின்னு நெனச்சு ஒரு வீட்டு ஊஞ்சல்ல போயி உக்காந்துட்டாரு, அந்தம்மா மோர் குடுத்து அனுப்பினாங்க.

ஏப்ரல் 3

ஒரே நாள்ல முடிக்கிறதுன்னா என் வரிசை: காலைல வெயிலுக்கு முன்னாடி கோயிலும் கடற்கரையும், அப்பறம் கோட்டை, நகர வாசல் வழியா ஒரு நடை (இப்ப நிக்கிறது 1792ல கட்டினது), வெயில் ஏறினதும் சீகன்பால்கு வீடு, சாப்பாட்டுக்கு பொறையார். அவரு கட்டின புதிய எருசலேம் ஆலயம் 1718, அங்கயேதான் அடக்கம் பண்ணாங்க, செத்தப்ப வயசு முப்பத்தி ஆறு. சாயந்தரம் நேரம் இருந்தா தில்லையாடி, பக்கம்தான், தென்னாப்பிரிக்கால காந்தியோட போராடி பதினாறு வயசுல செத்த வள்ளியம்மையோட அம்மா ஊரு, நினைவு மண்டபம் இருக்கு, 1915ல காந்தியே அந்த ஊருக்கு வந்திருக்காரு. மியூசியம் லீவு நாள கெளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணி கேட்டுக்கங்க, பூட்டின கதவ பாத்துட்டு திரும்பினவங்க நெறைய பேர் இருக்காங்க.

உள்ள போனா அங்க இருக்கிற ஊழியர்கிட்ட அழகப்பன், மலையப்பன் பேர சொல்லிக் கேளுங்க. அஞ்சு பேர் கேட்டா ஆறாவது ஆளுக்கு அவரே சொல்ல ஆரம்பிப்பாரு.

ரயில்ல போனவங்க, இல்ல வீட்டுல கார்டு, பாயிண்ட்ஸ்மேன் யாராவது இருந்தவங்க கீழ எழுதுங்க. பழைய டிக்கெட், போட்டோ இருந்தா ஸ்கேன் பண்ணி வைங்க, ஒரிஜினல யாருக்கும் குடுத்துடாதீங்க.